நடுவில் நாலு நாற்காலி

"டோக்கன் நம்பர் பதினாலேய்" என்று ரிசப்ஷனில் இருக்கிற ஜெனிட்டா அக்கா கூப்பிடுகிறாள், கடைசி எழுத்தை மூக்குக்குள் இழுத்து, பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை மூடுகிற மாதிரி ஓர் இழுப்பு, எனக்கு நாக்கு அரிக்கிறது, இதே குரலில் இப்போது நான் பதினைந்து என்று சொன்னால் போதும், அதோ அந்தக் காதில் மயிர் முளைத்த தாத்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார், உள்ளே பதினாலும் பதினைந்தும் ஒரே ஸ்டூலில் முட்டிக்கொள்ளும், டாக்டர் மீனலோசனி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "யாரும்மா உங்களை வரச் சொன்னது" என்பார், அந்தக் குரலும் எனக்கு வரும், பஸ் ஸ்டாண்ட் மைக்கில் தடம் எண் சொல்கிற குரல் மாதிரி ஒரு நிதானம், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற மாதிரி, ஆனால் மாட்டேன், எட்டு மாசமாகிறது நான் வாய்திறந்து யாரையும் பேசிக்காட்டி, காரமடையில் மாகாளியம்மன் கோயிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன், கொப்புளம்கூட வந்தது, அதனால் எல்லாரும் எனக்குள்ளேயேதான் பேசிக்கொள்கிறார்கள், ஜெனிட்டா அக்கா, டாக்டர், கெமிஸ்ட்ரி சார், அப்பாவின் லாரி, எல்லாம் உள்ளே ஒரே சந்தைக் கூச்சல், வெளியே பார்த்தால் தாரணி என்று ஒரு பதினாறு வயசுப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்குப் பத்தொன்பது. இன்னும் அஞ்சு பேர். அம்மா வரிசையின் அந்தக் கோடியில், மேற்கு ஜன்னலோரம், தூணின் நிழலில் இருக்கிறாள், காற்று வெளியே போகிற இடம் பார்த்துத்தான் எங்கேயும் உட்காருவாள், எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு நாற்காலி, இரும்பு நாற்காலிகள், ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கியவை, ஜன்னல் வெயில் இப்போது முதல் நாற்காலியில் மட்டும் விழுகிறது, அதில் யாரும் உட்காரவில்லை, இரண்டாவதில் அம்மாவின் ஒயர் கூடை, மூன்றாவதும் நாலாவதும் சும்மா, நான் கொஞ்சம் நகர்ந்தால் அவள் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் என்னிடம் சொல்லும், அக்கட்டால இரு சாமி.

அக்கட்டால. தள்ளி, அந்தப் பக்கம். பத்து மாசத்தில் இந்த ஒரு சொல்லைத்தான் அவள் அதிகம் சொல்லியிருப்பாள், அக்கட்டால போ, அக்கட்டால நின்னு பேசு, அக்கட்டால திரும்பிப் படு, முதல் ஆஸ்பத்திரியில் சளியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, இருக்குது, காசநோய், ஆறு மாசம் மாத்திரை என்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே என் சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் தன் டம்ளரின் அடியில் ஒரு பொட்டு வைத்தாள், தட்டுக்கு ஒன்று, சொம்புக்கு ஒன்று, பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு "இந்தப் பொட்டு இருக்கறதத் தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன் அம்மிணி" என்றாள், நான் சும்மா இருப்பேனா, மறுவாரம் அவள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருந்த ஒவ்வொரு டம்ளருக்கும் தட்டுக்கும் கரண்டிக்கும் பொட்டு வைத்துவிட்டேன், அப்பாவின் டிபன் டப்பாவுக்குக்கூட, இனிமேல் எது உன்னுடையது எது என்னுடையது சொல்லு பார்க்கலாம் என்று அடுப்படி மேடையில் எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தேன், சிரிப்பாள் என்றுதான், முன்பெல்லாம் நான் எது செய்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தேடுவாள், அன்றைக்கு அவள் சிரிக்காமல் அண்டாவில் தண்ணீர் வைத்து அத்தனை பாத்திரத்தையும் போட்டுக் கொதிக்கவிட்டாள், ஆவிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், அழுதாளா ஆவியா என்று தெரியவில்லை, பிறகு எலுமிச்சங்காய்க்குக் கொஞ்சம் குறைவான அளவில் தன் டம்ளரில் மறுபடியும் ஒரு பொட்டு, இந்தத் தடவை பெரிசாக. அந்த டம்ளர் இப்போது ஒயர் கூடைக்குள் இருக்கிறது, எங்கே போனாலும் கூடவே வரும். "டோக்கன் நம்பர் பதினஞ்சேய்." காதுமயிர்த் தாத்தா எழுந்து போகிறார். வெயில் ஒயர் கூடைக்கு வந்துவிட்டது.

ஆனால் எட்டு மாசக் கணக்கு டம்ளரில் தொடங்கவில்லை, அதைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது, வேறு எதையாவது நினைக்க வேண்டும், சுவரில் நுரையீரல் படம் மாட்டியிருக்கிறார்கள், தலைகீழாகப் பிடித்த முருங்கைக் கிளை மாதிரி இருக்கிறது, கிளை நுனியெல்லாம் பூ, அம்மாவின் படத்தில் அந்தப் பூக்கள் இருக்கிற இடத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி என்று டாக்டர் காட்டினார், அங்கிருந்துதான் அந்த இருமல் வருகிறது, சின்னதாய் இரண்டு, பெரிசாய் ஒன்று, கடைசியில் எண்ணெய் போடாத கதவு மாதிரி ஓர் இழுப்பு, பார்த்தாயா வந்துவிட்டது, எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு அங்கேதான் வந்து நிற்கிறது, அந்த இழுப்புதான் கஷ்டம், அது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது, பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் கழிவறைச் சந்தில் பழகினேன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தலைமையாசிரியர் குரல் எதற்கு, பால்காரர் ஹாரன் எதற்கு, வந்தால் செய்ய வேண்டியதுதான், அவ்வளவுதான், இல்லை, அவ்வளவு இல்லை, அவள் பின்கட்டில் தனியாய்ப் படுத்துக்கொண்டபின் ராத்திரியில் அந்தச் சத்தம் மட்டும்தான் என் பக்கத்தில் வரும், மற்றதெல்லாம் அக்கட்டால, அதை மட்டும் பிடித்து எனக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை குளியலறையில், அங்கே எதிரொலி நன்றாக இருக்கும், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சின்னதாய் இரண்டு, பெரிசாய் ஒன்று, இழுப்பு. அச்சு அசல். எனக்கே புல்லரித்தது. அடுப்படியில் கரண்டியை வைக்கிற சத்தம். அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றது கீழே இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. "அம்மிணி, நீயா?" அந்த இடத்தில் நான் ஆமாம்மா சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம், சிரித்திருக்கலாம், வாளியை உருட்டியிருக்கலாம், செய்தது என்னவென்றால், இன்னொரு தடவை இருமினேன். முதல் தடவையை விட நன்றாக. அந்த இரண்டாவது தடவை, அதைத்தான், அதை மட்டும் எப்படியாவது திரும்ப விழுங்கிவிட முடிந்தால், நிழல் போய்விட்டது, மறுநாள் விடிகாலை அம்மா இரண்டு சேலை, பொட்டு வைத்த டம்ளர், தட்டு, சொம்பு, பாயோடு நர்சரிக்குக் குடிபோய்விட்டாள். நான் நடிச்சேன்மா என்று கத்திக்கொண்டே நர்சரி கேட் வரை ஓடினேன். "சரி சாமி" என்றாள். எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது, அதையும் கேட்டுக்கு வெளியிலிருந்து தூக்கிக் காட்டினேன். "சரி சாமி, இப்போதைக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

"டோக்கன் நம்பர் பதினாறேய்." நர்சரி என்றால் அம்மா வேலை செய்கிற நாற்றுப்பண்ணை, குரோட்டன்ஸ், செம்பருத்தி, கேரளாவுக்குப் போகிற ரோஜா, அவள் வேலை மண்ணும் தேங்காய்நாரும் எருவும் கலந்து கறுப்புக் கவர்களில் ரொப்புவது, பதியன்கள் வாடாமல் இருக்கத் தண்ணீரைப் புகையாய் அடிக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உஸ்ஸ்ஸ் என்று, அதுவும் எனக்கு வரும், அதன் சுவரை ஒட்டித்தான் உரமூட்டை அறை, அதில்தான் அம்மா எட்டு மாசமாய்ப் படுத்து எழுகிறாள், சாயங்காலம் நான் சைக்கிளில் போய் செம்பருத்தி வரிசைக்கு இந்தப் பக்கம் நிற்பேன், அவள் அந்தப் பக்கம், நடுவில் எழுபது தொட்டி, எண்ணியிருக்கிறேன், "சோறு குழைஞ்சுதா", "இல்லம்மா", "பொய் சொல்லாத, தண்ணி ஒரு டம்ளர் கொறைச்சு வெய்யி", உஸ்ஸ்ஸ், அவள் முகம் புகைக்குள் போய்விடும், புகை போனபின் மறுபடி வரும். ஆறு மாசம் என்று ஆரம்பித்த மாத்திரை எட்டு மாசம் தாண்டியும் இருமல் அப்படியே இருந்தது, எடை இன்னும் இறங்கியது, மூத்திரம் மட்டும் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் போனது, அப்பாதான் லாரி முதலாளி சொன்னார் என்று இந்த டாக்டரிடம் கொண்டுவந்தார், ஆறு வாரத்துக்கு முன்னால், அன்றைக்கு டாக்டர் மீனலோசனி படத்தைப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் பார்த்தார், அம்மாவை விட்டுவிட்டு அம்மாவின் நகக்கண்ணைப் பார்த்தார், கறுப்பாய் மண். "என்ன வேலைம்மா?" அம்மா சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "காசநோய்க் கிருமிக்கு ஒரு பங்காளிக் கூட்டம் உண்டு. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கும். கண்ணாடிச் சில்லுல பார்த்தா ரெண்டும் ஒரே செவப்புக் குச்சிதான், அடையாளம் தெரியாது. வளர்த்துப் பார்த்தாத்தான் எவன் எவன்னு தெரியும், அதுக்கு ஆறு வாரம் ஆகும். பங்காளியா இருந்தா மருந்து வேற, காலமும் வேற, ஒன்றரை வருஷங்கூட ஆகலாம். ஆனா ஒண்ணு, அது ஆளுக்கு ஆள் ஒட்டாது." எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே, அடப்பாவி, என் ஜாதியா நீ, காசநோய் மாதிரியே நடந்து காசநோய் மாதிரியே இருமி எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிருமி, இத்தனை பொடியாய் இருந்துகொண்டு, கை கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது, அதற்குள் டாக்டர் கேட்டுவிட்டார், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அங்க இருக்கறீங்க?" அம்மா, "அங்கயேதானுங் இருக்கறன்." "அங்கயேன்னா?" "குடியே அங்கதானுங் டாக்டர். ஆறு மாசத்துக்கு மேல. புள்ளைக்கு ஒட்டிக்குமேன்னு." டாக்டர் எழுதிக்கொண்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. புள்ளைக்கு ஒட்டிக்குமேன்னு என்றாளே தவிர, புள்ளை இருமினாள் என்று சொல்லவில்லை, எனக்காக மறைத்தாளா, இல்லை, இன்னும் என் நெஞ்சுக்குள் அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வாயால் சொல்ல பயந்தாளா, ஆறு வாரமாய் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், கிருமி மண்ணிலும் புகையிலும் இருக்கிறதென்றால், வீட்டிலிருந்தவளை இருமி இருமி அதன் வாய்க்குள்ளேயே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது யார், அந்த இரண்டாவது தடவை, உஸ்ஸ்ஸ்.

போன் நடுங்குகிறது. அப்பா. நாக்பூருக்கு இந்தப் பக்கம் எங்கேயோ இருப்பார், முதலில் இன்ஜின் பேசும், பிறகுதான் அவர், "என்ன சாமி, கூப்டுட்டாங்களா?" "இன்னும் இல்லப்பா, பதினாறு போயிருக்குது." "அம்மா?" "ஜன்னல்கிட்ட." "சாப்ட்டாளா?" "பஸ் ஏறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி." "பங்காளியாவே இருக்கணும்னு வேண்டிக்க" என்கிறார் அப்பா, வாழ்நாள் முழுக்க வாய்க்கால் தகராறில் பங்காளிகளைத் திட்டியே வளர்ந்த மனுஷன், அதை அவரும் உணர்ந்துகொண்ட மாதிரி ஒரு கனைப்பு, பிறகு லாரிகள், பிறகு கட். வேண்டிக்கொள்வது என்றால் என்னவென்று வேண்டிக்கொள்வது, அம்மாவுக்கு வேறு ஒரு நோய் கொடு என்றா, அதுவும் ஒன்றரை வருஷம் மருந்து தின்கிற நோய், ஆனால் காசநோயாகவே இருந்து இந்த மருந்துக்கு அடங்காததாய் இருந்தால் இன்னும் எத்தனை மாசம், எழுபது தொட்டி, அப்போது நான் காலேஜ் போய்விடுவேன், தலை பின்னிக்கொள்ளவே எனக்குத் தெரியாமல் போய்விடும், இப்போதே கிளிப் போட்டுத்தான் ஓட்டுகிறேன், முன்பு அவள் முழங்காலுக்கு நடுவில் என்னை இடுக்கிக்கொண்டு பின்னுவாள், வலிக்குது என்றால் சீப்பாலேயே மண்டையில் ஒரு தட்டு, எண்ணெய்க்கை, கன்னத்தில் பிசுக்கு, நான் அந்த நேரத்தில்தான் எல்லாரையும் பேசிக்காட்டுவேன், மளிகைக்கடை அண்ணாச்சி, அவர் சம்சாரம், இருவருக்கும் சண்டை, அம்மாவின் முழங்கால் இரண்டும் சிரிப்பில் குலுங்கும், முகம் பார்க்க வேண்டியதே இல்லை, அந்தக் குலுக்கல் என் இரண்டு தோளிலும் தெரியும், எனக்கு வேண்டியது அதுதான், மாரியாத்தா மாகாளியாத்தா, கிருமி எதுவாய் வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்த இரண்டு முழங்கால். வேடிக்கை என்னவென்றால் உலகத்தில் எனக்கு வராத குரல் அம்மாவுடையது ஒன்றுதான், இருமல் வரும், பேச்சு வராது, தனியாய் இருக்கும்போது முயன்று பார்த்திருக்கிறேன், அம்மிணி என்று சொல்லிப் பார்ப்பேன், என் குரலாகவே வரும். "டோக்கன் நம்பர் பதினெட்டேய்." பதினேழு எப்போது போனது. வெயில் மூன்றாவது நாற்காலிக்கு வந்து என் செருப்பு நுனியைப் பார்க்கிறது.

"பத்தொம்பதேய், சாந்தாமணி." உள்ளே இரண்டு நாற்காலி, ஒட்டினாற்போல். அம்மா என்னை உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டுக் கதவோரம் நிற்கிறாள். டாக்டர் கவரிலிருந்து ஒரே ஒரு தாளை எடுக்கிறார், ஆறு வாரம் வளர்ந்தது ஒரு தாள். "உட்காருங்க சாந்தாமணி." "இல்லீங், இருக்கட்டும்." "பக்கத்துல உட்காரலாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். காசநோய் இல்ல. பங்காளிதான்." நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறேன், முகக்கவசத்துக்கு மேலே கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, டாக்டர் பேசிக்கொண்டே போகிறார், மாத்திரையில் பழையது இரண்டு இருக்கும், புதுசு ஒன்று சேரும், சளி சுத்தமானபின்னும் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும், மொத்தம் ஒன்றரை வருஷம் ஆகலாம், வயிற்றைப் புரட்டும், கண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அறையை இன்றைக்கே காலி செய்ய வேண்டும், மண் கலக்குகிற வேலை, புகைத்தண்ணீர் வேலை இனிமேல் கூடாது. அம்மா அதில் எதையும் கேட்ட மாதிரி இல்லை. "ஒட்டாதுங்களா?" என்கிறாள். "ஒட்டாது." "டம்ளர் மாறிப்போனா?" "ஒட்டாது." "ஒரே பாயில படுத்தா?" "ஒட்டாதும்மா." அம்மா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். "அப்போ இந்தப் பத்து மாசமும் ஒட்டியிருக்காதுங்களா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார், அந்த பஸ் ஸ்டாண்ட் மைக் நிதானத்தில் முதல் தடவையாக ஒரு சொல் தட்டுப்படாமல் நிற்கிறது. "இல்லம்மா. ஒட்டியிருக்காது." அம்மா தலையை ஆட்டுகிறாள், கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுகிற மாதிரி. நான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன், "டாக்டர், அந்த ரூம்ல போய் இருந்ததாலதான் அதிகமாச்சா?" டாக்டர் என்னைப் பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார், "அதுக்கு முன்னாடியே இருந்துருக்கு. அங்க இருந்தது நல்லதில்லை. எவ்வளவுன்னு அளந்து சொல்ல யாராலயும் முடியாது" என்கிறார், மேசைமேல் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாய் வைத்துவிட்டு.

வெளியே மருந்துச் சீட்டு வரும்வரை உட்காரச் சொல்கிறாள் ஜெனிட்டா அக்கா. அம்மா நேராகப் போய் ஜன்னலோரம், தூணின் பக்கத்தில், அதே நாற்காலியில் உட்காருகிறாள். நானும் அதே நாற்காலியில். கால்கள் தானாகப் போய்விட்டன, இருவருக்கும். நடுவில் நாலு நாற்காலி, அதில் கூடை. ஒட்டாது, ஒட்டாது, ஒட்டாது என்று டாக்டரின் குரல் எனக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், எழுந்து போய் மடியில் விழுந்தால் என்ன, ஆனால் எழ முடியவில்லை, அக்கட்டால என்று சொல்லிவிட்டால், பழக்கத்தில் வந்துவிட்டால், அதை இன்றைக்குக் கேட்க என்னால் ஆகாது. டீக்காரர் பிளாஸ்க்கோடு வருகிறார். அம்மா கூடையைத் துழாவித் தன் டம்ளரை எடுத்து நீட்டுகிறாள், எனக்குக் காகிதக் கப். அடியில் சிவப்புப் பொட்டு தெரிய அவள் டம்ளரைத் தூக்கி முகக்கவசத்தை இறக்கிக் குடிக்கிறாள், எட்டு மாசத்துக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் அவள் வாயைப் பார்க்கிறேன், உதட்டோரம் இரண்டு கோடு புதுசாய் விழுந்திருக்கிறது, அது எப்போது வந்தது, யாரைக் கேட்டு வந்தது, டீ எனக்குத் தப்பான வழியில் இறங்கிவிட்டது, புரையேறி மூக்கிலும் கண்ணிலும் டீ, கப் கீழே, மூச்சுக்கு வழியில்லை, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, உச்சந்தலையில் ஒரு கை. தட், தட், தட். கனமான கை, நாற்றுமண் காய்ப்புக் காய்த்த கை, "மெதுவா, மெதுவா சாமி, யாரு நெனைக்கறாங்களோ, அப்பனாத்தான் இருக்கும்", தட், தட், சீப்பு இல்லாத வெறும் கை, என் மண்டை அதை மறக்கவேயில்லை. புரை போய்விட்டது. மூச்சு வந்துவிட்டது. கை நின்றுவிடும் என்று தோன்றியது, அதனால் இன்னும் கொஞ்சம் இருமினேன், அந்தச் சூடம் என்னை மன்னிக்கட்டும், பிறகு இன்னும் கொஞ்சம்.

"போதும், இது பொய்யி" என்றாள் அம்மா. கையை எடுக்கவில்லை. "அன்னைக்கும் பொய்யின்னு தெரியும்." எனக்குள் இருந்த சந்தைக் கூச்சல் மொத்தமும் நின்றது. "தெரியுமா?" "மொதத் தடவையே தெரியும். எம்பட இருமல் எனக்குத் தெரியாதாக்கும். இழுப்புல ஒரு முடுக்கு கூட வெச்சுட்டயே." "அப்பறம் ஏம்மா போனே?" அவள் என் நெற்றியில் ஒட்டியிருந்த டீயைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள், சீட்டு வந்ததா என்று ரிசப்ஷனை ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டாந் தடவை இருமினயே. அது உம்பட நெஞ்சுக்குள்ளேர்ந்து வந்தா எப்படி இருக்கும்னு காதால கேட்டுப்போட்டேன். அதுக்கப்பறம் அந்த ஊட்ல எப்படி நான் தூங்குவேன்." ஜெனிட்டா அக்கா "இருவதேய்" என்றாள். அம்மாவின் தோள் இலேசாகக் குலுங்கியது, அந்த இழுப்பு அவளுக்கும் இத்தனை நேரம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. "எங்க, சொல்லு" என்றாள். நான் சொன்னேன், மூக்குக்குள் இழுத்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலானது, சின்னதாய் இரண்டு, பெரிசாய் ஒன்று, இழுப்பு, பழக்கத்தில் முகத்தை அக்கட்டால திருப்பிக்கொண்டாள், இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, திரும்பினாள். வெயில் நாலாவது நாற்காலியைத் தாண்டி என் மடிமேல் ஏறியிருந்தது. நகர்ந்து போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த ஒயர் கூடையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இக்கட்டால வா" என்றாள். "வெயில் படுது பாரு."